சேவூரில் நான் கேட்ட சாட்சி

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் திறந்த பிறகு வந்த ஒரு ஐப்பசியில், ஆரணியை ஒட்டிய சேவூருக்கு ஒரு விசாரணைக்காகப் போனேன்.

நான் ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒரு தனியார் பல்கலைக்கழகம் சமூகப் புத்தாக்கம், தொழில்முனைவு பாடத்துக்கு மூத்த பேராசிரியர் ஒருவரைத் தேடியது. தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் தன் பணியைப் பற்றி அழகான குறும்படமே எடுத்துக் கொடுத்தவர். இன்னொருவர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. தற்காலிக வேலையிலேயே காலம் தள்ளியவர். இதை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் விண்ணப்பத்தில் காட்டியிருந்தது சேவூர் நெசவுப் பெண்களோடு செய்த பணி. பட்டுத் தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் அது முடியாது, தறிகள் சும்மா கிடக்கும். அதற்காகவே, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில் அந்தப் பெண்கள் முறை வைத்துப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் அவர் பங்கு என்ன என்று சரிபார்த்து வரும் வேலை எனக்கு.

"இதை ஆரம்பிச்சது யாரும்மா?" என்று கொட்டகையில் இருந்த பெண்களைக் கேட்டேன்.

"நாங்கதான் சார். மில்லுக்காரர்கிட்ட பேசனது நாங்க, முறை வச்சதும் நாங்க," என்றார் முன்னால் நின்ற அம்மாள்.

விண்ணப்பித்த பெண்மணி என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அந்தம்மாவா? வரும். ஒரு ஓரமா குந்திகினு எங்க டீயக் குடிச்சிட்டு கேள்வியா கேக்கும்."

"நம்ம வாயப் புடுங்கறதுதான் அதுக்கு வேலையே!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கொட்டகையே சிரித்தது.

நானும் சிரித்தேன். திரும்பி வந்து, விண்ணப்பதாரரின் பங்கு மிகக் குறைவு என்று அறிக்கை எழுதினேன்.

நேர்காணலில் அவரிடமே கேட்டேன்: "எல்லாவற்றையும் தாங்களே செய்ததாகச் சொல்கிறார்களே?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா சார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். மாட்டிக்கொண்டதை மறைக்கும் சிரிப்பு என்று நினைத்தேன். வேலை குறும்படக்காரருக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் பேத்தியின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போனேன். திரும்பும் வழியில் அந்தக் கொட்டகை கண்ணில் பட்டது. வெளியே நல்ல மழை, உள்ளே பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்தம்மா இப்ப பெரிய காலேஜிலயா சார் இருக்குது? போன் பண்ணா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுது."

வேலை கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

"ஏன் சார்? நாங்க அவ்ளோ நல்லா சொன்னோமே!" அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "மொத நாளே அது சொல்லிச்சு சார். நான் இல்லாமயே இது ஓடணும், யாராச்சும் கேட்டா நாங்கதான் பண்ணோம்னு நீங்க சொல்லணும், அன்னிக்கிதான் நான் பாஸுன்னு. அதான் நீங்க வந்தப்ப அடிச்சி சொன்னோம். நீங்க பாஸ் போட்டுருப்பீங்கன்னு நெனச்சிகினு இருந்தோம்."

செய்தவர் விலகிய பிறகும் நிற்பதுதான் நல்ல சமூகப் பணி என்று வகுப்பில் எத்தனை ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்! அது கண்ணெதிரே நின்றபோது எனக்குத் தெரியவில்லை.

"எங்களாலதான் போச்சா சார்?"

"இல்லம்மா. என்னால."

பாவைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அப்ப இன்னாத்துக்கு சார் அவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மழையிலேயே வெளியே வந்துவிட்டேன். மறுநாளே பல்கலைக்கழகத்தில் பேசினேன். நிரப்பிய இடத்தைப் பற்றி இனி என்ன பேச்சு என்றார்கள். அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "இந்த மழையிலயும் பாவு போடறாங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போதும் சார்," என்றார்.

அவருக்குப் போதும். அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட எனக்கு, அந்த ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்க இன்றுவரை முடியவில்லை.