எழுத்து முடிந்தது, தாலி ஏறவில்லை

கனடாவில் எனக்கு இன்னும் பழகாத சங்கதி ஒன்று இருக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி கதிரையை விட்டு எழும்பி வந்து எங்களைக் கூப்பிடுவார். ஊரில் அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் நாங்கள் நிற்போம், கிளாக்கர் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பார். இங்கே, மிசிசாகாவில் உள்ள குடிவரவு அலுவலகத்தில், ஒரு வெள்ளைக்கார அம்மா கதவடிக்கு வந்து என் தங்கை வசந்தியின் முழுப்பெயரையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி, பிழையென்றால் மன்னிக்கவேண்டும் என்றும் கேட்டார். மன்னிப்பு! அதுவும் எங்களிட்டை! மொழிபெயர்க்கப் போன நான் அதை வசந்திக்கு மொழிபெயர்க்கவே மறந்துபோனேன்.

நாங்கள் 'லாண்டட்' என்று சொல்லும் நிரந்தர வதிவிடத்துக்கு வசந்திக்கு அன்றுதான் நேர்காணல். வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில், கலியாணமானவரா என்று கேட்டதற்கு அவள் இல்லை என்றிருந்தாள். அது பொய்யில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, வேறு; தாலி கட்டும் கலியாணம் வேறு. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு பதிவுகாரரை அவசரமாக வீட்டுக்கு அழைத்தோம். வசந்தியும் ரவியும் கையெழுத்து வைத்தார்கள், எல்லோருமாகப் பலகாரம் சாப்பிட்டோம், மாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். நல்லநாள் பார்த்துத் தாலி கட்டுவதாக ஏற்பாடு. அந்த நல்லநாளுக்கு முன்னம் ஆமி ஊருக்குள் வந்துவிட்டது. ரவி கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்குப் பக்கம் ரயிலேறித் தப்பினார். கழுத்தில் தாலி ஏறாத பெண், தன் வாயால் தான் கலியாணமானவள் என்று எப்படிச் சொல்லுவாள்?

ஜேர்மனியில் ரவியின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே கிடந்தது. வேலை செய்ய விடவில்லை. இருக்கச் சொன்ன ஊரின் எல்லையைத் தாண்டவும் விடவில்லை. தொலைபேசி எடுத்தால் அதே புலம்பல்தான்.

"பிரான்சிலை வதிவிடக் காட் குடுக்கிறாங்களாம் மச்சான். சுவிசிலை வேலை செய்ய விடுறாங்களாம். எந்த நாடு என்னை இரு எண்டு சொல்லும்? நான் ஆரைக் கேக்கிறது?"

மிச்சமிருந்தது ஒரேயொரு வழி. வசந்திக்கு வதிவிடம் கிடைத்தால் அவள் கணவனைக் கூப்பிடலாம். ஆனால் அன்றும் கலியாணமாகவில்லை என்று சொன்னால், பிறகு எந்தக் கணவனைக் கூப்பிடுவது? ஆகிவிட்டது என்றாலோ, முதல் சொன்னது பொய்யாகி அவளையே திருப்பி அனுப்பக்கூடும். எங்கள் கட்டிடத்தின் சட்ட நிபுணர், பக்கத்து வீட்டுச் செல்வி அன்ரி, தீர்ப்பு வழங்கியிருந்தார்: "வாயைத் திறவாதை பிள்ளை. முதல்லை உன்ரை அலுவல் முடியட்டும்." எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பஸ்ஸில் வழிநெடுக அதையே ஓதிக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மா சிரித்த முகத்தோடு கேட்டார்: கலியாணமாகவில்லை, அப்படித்தானே? நான் தலையாட்டத் தொடங்கினேன்.

"பொறுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்," என்றாள் வசந்தி. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ஆம் மரீட், மேடம். பட் நொட் ஃபினிஷ்ட்."

அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, விவாகரத்து நடக்கிறதா என்று இரக்கத்தோடு கேட்டார்.

"ஐயோ, நோ! நோ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுத்து, தாலி, நல்லநாள், ஆமி எல்லாவற்றையும் கொட்டினேன். கையெழுத்து வைத்தபிறகும் மாப்பிள்ளை ஏன் தன் வீட்டுக்குப் போனார் என்பதுதான் அவருக்கு விளங்கவேயில்லை. உள்ளே போய் இன்னொருவரோடு கனநேரம் கதைத்தார். கண்ணாடிக்குள்ளால் எங்களைக் காட்டினார். சரி, எல்லாம் போச்சு, மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் மறுபடி கதிரையில் இருக்கவில்லை. பதிவுகாரர் முன் கையெழுத்திட்டிருந்தால் கனடாவுக்கு நீங்கள் மனைவி, முதல் சொன்னதை உங்கள் வழக்கத்தால் வந்த பிழை என்று எடுத்துக்கொள்கிறோம் என்றார். பதிவுப் பத்திரத்தைக் கொண்டுவரட்டாம், கணவனின் பெயரையும் சேர்ப்பாராம். பிறகு மேசையைச் சுற்றி வந்து வசந்தியின் கையைப் பிடித்து, "கொங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். வசந்தி குலுங்கிக் குலுங்கி அழுதாள். எழுத்தன்று அவளை ஒருவரும் வாழ்த்தவில்லை. கலியாணத்தன்று வாழ்த்தலாம் என்று எல்லோரும் வைத்திருந்தோம். எங்கோ பிறந்த ஒரு மனுசி முதல் வாழ்த்தைச் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

அடுத்த மாரிக்குள் ரவி வந்துவிட்டார். எந்த நாடும் இரு என்று சொல்லாத மனிதரை, வசந்தியின் கணவன் என்ற ஒரு சொல்லுக்காகக் கனடா உள்ளே விட்டது. நானும் வசந்தியும் அவரைப் பெட்டியோடு ஸ்காபரோவில் எங்கள் கட்டிடத்துக்குக் கூட்டிவந்தால், லிஃப்ட் வாசலில் செல்வி அன்ரி.

"தாலி கட்டாமல் ஒரே வீட்டிலையோ? சனம் என்ன கதைக்கும்?"

"அன்ரி, கனடா கவுண்மேந்தே ஓம் எண்டிட்டுது," என்றார் ரவி.

"கவுண்மேந்துக்கு என்ன தெரியும்? தை பிறக்கட்டும். அதுவரைக்கும் ஒன்பதாம் மாடியிலை கலியாணமாகாத பெடியளோடை இருங்கோ."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் மூவரும் லிஃப்டில் ஏறியதும் நான் ஏழையும் ஒன்பதையும் அழுத்தினேன். வெட்கக்கேடு என்னவென்றால், அன்ரி சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் சரியாகவே பட்டது.

எங்கள் வீடு இருந்த ஏழாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. வசந்தி இறங்கித் திரும்பி நின்றாள். ரவி பெட்டியைக் கையிலிருந்து இறக்கவில்லை. கதவு மூடாமல் இருக்கும் பொத்தானை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், மேலே யாரோ பொறுமையிழந்து கதவைத் தட்டும்வரைக்கும்.