டேங்க் மறைத்திருந்த எண்

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டின் சந்து, ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப் போதுமானது, திருப்புவதற்குப் போதாது. ஆகவே சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்காருபேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்து இறக்கிய வண்டி, வந்த வாக்கிலேயே எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டயர் இல்லை, சீட் இல்லை. மேலே தார் போலக் கறுப்புப் பெயிண்ட்.

"இன்னாங்க இது? குப்பைய வண்டி வெச்சி எடுத்துகினு வந்திருக்கீங்க?" என்றாள் அம்மா.

"எங்கப்பா வண்டி."

"பழசா எது கண்ல பட்டாலும் உங்கப்பாதுதான். போன வாரம் ஸ்டேஷன்ல ஒரு குடையக்கூட அப்பிடித்தான் சொன்னீங்க."

நான் பிறப்பதற்கு முன்பே மறைந்தவர் என் தாத்தா. சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவரிடம் ஒரு பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள் இருந்ததும், அதை அவர் 'டச்சு வண்டி' என்றே அழைத்ததும் எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்த செய்திகள். டச்சுப் படை ஓட்டிய வண்டி, கப்பலில் மதராஸ் வந்து ஏலம் போனது என்பாராம். கண் மங்கியபின் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் ஓட்டிச் சென்றபோது, சிறுவனாயிருந்த அப்பா சந்து முனைவரை பின்னாலேயே ஓடியிருக்கிறார். அன்று விட்ட வண்டியைத்தான் இன்று பிடித்துவிட்டதாக அவர் நம்பினார்.

கல்லூரிப் பட்டிமன்றங்களில் தோல்வியே காணாதவள் நான். "நிரூபிச்சுக் காட்டறேம்பா" என்றேன்.

அப்பா உடனே மகிழவில்லை. "கண்ணு, மேடையில நீ எந்தப் பக்கம் நின்னாலும் ஜெயிச்சிடுவ. இதுல எனக்கு அது வேணாம். அது இல்லன்னா, இல்லன்னே சொல்லிடு."

வழக்கை நான் இவ்வாறு அமைத்தேன். பிரிட்டிஷ் ராணுவம் இந்த நாட்டில் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள்கள் ஏராளம். ஆகவே இது பிரிட்டிஷ் வண்டி என்பதால் மட்டும் தாத்தாவின் வண்டி ஆகிவிடாது. டச்சுக்காரர்கள் கைக்குப் போய்வந்த வண்டிகளோ இங்கே அபூர்வம். டச்சு என்று நிறுவினால், தாத்தாவுடையது என்பதற்கு அருகில் வந்துவிடலாம்.

ஃபிரேமில் பொறித்த எண்ணுக்கு முன்னால் டபிள்யூ என்ற எழுத்து இருந்தது. அது போர்க்காலத்தில் ராணுவத்துக்கெனத் தயாரித்ததன் அடையாளம். இன்ஜின் எண் அதோடு ஒத்துப்போகவில்லை. போருக்குப் பின் டச்சு ராணுவம் பிரிட்டனிடமிருந்து பெற்ற வண்டிகளைப் பிரித்து, ஒன்றின் இன்ஜினை மற்றொன்றில் பூட்டுவது வழக்கம் என்று படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் நம் ஊர் மெக்கானிக்கும் அதையேதான் செய்வார் என்று எனக்குள் இருந்த எதிரணி உடனே எழுந்து நின்றது. ஸ்பீடாமீட்டர் பிரிட்டிஷ்காரர்களின் மைலில் அல்ல, கிலோமீட்டரில் இருந்தது. மீட்டரை இங்கேயே மாற்றியிருக்கலாமே என்று அதற்கும் எதிரணியிடம் பதில் இருந்தது.

விடியற்கால ரயிலில் அப்பா பெங்களூருக்குக் காவலாளி வேலைக்கும் நான் கல்லூரிக்குமாகச் சேர்ந்தே போவோம். நான் போனைத் திறந்ததும் கேட்பார்: "இன்னா சொல்றாங்க உன் டச்சுக்காரங்க?" பழைய ராணுவ வண்டிகளை ஆராயும் நெதர்லாந்துக் குழு ஒன்றில் நான் சேர்ந்திருந்தேன். "பேசிகினு இருக்காங்கப்பா" என்பேன். "உன்னவிட அதிகமாவா?" என்று சன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

அப்பா டியூட்டிக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் பெட்ரோல் டேங்கைக் கழற்றி, ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியைச் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் பச்சை; பச்சைக்கு அடியில், ஃபிரேம் எண் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, தனியாக நான்கு இலக்கங்கள். டச்சு ராணுவ எண்! வலுவான வாதத்தை இறுதிக்கு வைப்பதே மேடை மரபு. அதனால் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. டேங்கை மேலே வைத்து மூடிவிட்டு, படத்தை அந்தக் குழுவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. டச்சுப் படையின் எண்கள் பெயிண்டால் எழுதப்பட்டவை; இது உளியால் அடித்தது, அதுவும் கோணல்மாணலாக. யாரோ ஒரு தனியாள் இட்ட குறி. எங்கள் ராணுவத்தோடு இதற்குத் தொடர்பில்லை என்று முடித்திருந்தார்கள்.

அன்று மாலை ரயிலிறங்கி நடந்து வருகையில் தீர்ப்புரையை மனத்துக்குள் பலவாறு மாற்றி அமைத்துப் பார்த்தேன். எவ்வளவு இனிமையாக அமைத்தாலும் கடைசி வாக்கியம் ஒன்றுதான். அப்பா துணி மாற்றி வாசலில் வந்து நின்றதும் அதையே முதலில் சொல்லிவிட்டேன்.

"டச்சு வண்டின்னு சொல்ல ஆதாரம் இல்லப்பா. ஒரு நம்பர் கிடைச்சுது. அது அவங்களோடது இல்லையாம்."

"சரி, உடு" என்றார். டேங்கின் மேல் ஒரு முறை கையை வைத்து எடுத்தார். பிறகு, பேச்சை முடிக்கிற குரலில், "இன்னா நம்பர்?" என்றார்.

"ஏழு, ஒண்ணு, ஒம்போது, நாலு."

அப்பா சமையற்கட்டைப் பார்த்து அம்மாவை அழைத்தார்.

"எங்கப்பா டோக்கன் நம்பர் இன்னா, சொல்லு."

"இன்னாத்துக்கு இப்போ? எழுவத்தொண்ணு தொண்ணூத்தி நாலு" என்றபடி கரண்டியோடு வந்தாள் அம்மா. மணமாகி வந்த வீட்டுக்குச் சுரங்கம் கொடுத்த டோக்கன் எண்ணை எங்கள் ஊரில் எந்த மருமகளும் மறந்ததில்லை. கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கவும், சம்பளத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் அந்த எண்ணே பெயராக இருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் தங்கள் சுத்தியலிலும் சாப்பாட்டுத் தூக்கிலும்கூட அதை அடித்து வைப்பார்களாம். சுரங்கம் மூடியபின் பிறந்த எனக்கு மட்டும் அது வெறும் நான்கு இலக்கமாகத் தெரிந்தது.

டேங்கைத் தூக்கிக் காட்டினேன். அப்பா குனிந்து ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் தடவினார். "ஒம்போது சாஞ்சிகினு இருக்குது பாரு. எங்க தூக்குலயும் இப்பிடியேதான் இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ இது டச்சா, இல்லியா?"

"தெரியலப்பா."

"இத்தினி வருசத்துல அந்த வார்த்தைய இன்னிக்குத்தான் உன் வாயால கேக்கறேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்கு மீண்டும் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த எண் உள்ள இடத்தை மட்டும் அடிக்காமல் விடச் சொன்னவள் அம்மாதான். துருப்பிடிக்காதிருக்க, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மிஞ்சுவதை விரல் நுனியால் அதன்மேல் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.