வார் இல்லாத சாட்டை

பெரியபாளையம் சாலையில் கோயிலுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஆடி ஞாயிற்றுக் கூட்டம் வேப்பிலையும் மஞ்சளுமாக வந்துகொண்டிருந்தது. என் இடது கையில் ஒரு வெள்ளைக் குதிரையின் கடிவாளக் கயிறு, வலது கையில் வார் இல்லாத வெறும் சாட்டைக் கம்பு. ஜட்காவைப் புளியமரத்தடியில் கூழ் விற்றவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தேன். திருவள்ளூர் இன்னும் ஒன்பது மைல். குதிரையைச் சேர்த்துவிட்டு ஏதாவது ஒரு ரயிலில் ஏறிவிடுவது என்றுதான் எண்ணம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். உப்பளம், அரிசி ஆலை, செங்கல் சூளை, எதிலும் ஒரு வருஷம் நின்றதில்லை. துரத்துவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

அறுபதுகளின் கடைசி அது. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஐந்து குதிரைகளோடு ஒரு லாயம் இருந்தது. அதன் சொந்தக்காரியை லாயத்து அக்கா என்போம். நான் சேர்வதற்கு முந்தைய ஆடியில், புதிதாக வந்த ஒருவன் மூச்சு வாங்க விடாமல் பெரியபாளையம் போய்த் திரும்பினான். ஸ்டேஷன் வாசலிலேயே குதிரை விழுந்து செத்தது. அது சினைக் குதிரை. அன்றிலிருந்து புது ஆளுக்குத் தனிச் சட்டம். ஒரு வருஷம் சாட்டையில் வார் கிடையாது. பழையவர்கள் ஐந்து பேரை ஏற்றலாம், புதியவன் மூன்று பேரைத்தான். அவர்கள் வழியில் ஒருமுறை நிறுத்தினால் போதும், இவன் மூன்று முறை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் குதிரையின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட வேண்டும். உடனே படிந்தால் போகலாம். மடிப்பு அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் வண்டி இழுக்க விடக் கூடாது. அவிழ்த்து, இளைப்பாற்றி, நடத்தியே கூட்டிவர வேண்டும்.

அன்று இரண்டாவது நிறுத்தத்தில் கிள்ளினேன். மடிப்பு நின்றது. குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்தேன். குழந்தைக்கு மொட்டை போட மனைவியோடு வந்திருந்தவர் வண்டியிலிருந்து குதித்தார்.

"குதிர நல்லாத்தானே நிக்கிது? ஓட்டுபா."

"தோலு படியலிங்க."

"தோலாவது வாலாவது! அது இன்னா உன் சம்சாரமா, தடவிக்கினு கீற?"

அவர் மனைவி சிரித்துவிட்டாள். அந்த நேரம் எங்கள் லாயத்து மூத்த வண்டிக்காரர் பின்னால் வந்தார். "இன்னா நைனா, குதிரைக்கு இட்லி வாங்கித் தரியா?" என்று கேட்டபடி மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் என் குதிரையும் ஓடியிருக்கும். விழும்வரை ஓடும் பிராணி அது. நீர் காட்டி, நிழலில் நிறுத்தி, தோல் படிந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தோம்.

லாயத்தை அடையும்போது விளக்கு வைக்கும் நேரம். செய்தி முன்பே வந்திருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் குதிரையின் கழுத்தைக் கிள்ளினாள்.

"மடிப்பு எத்தினி எண்ற வரைக்கும் நின்னுச்சி?"

"நாலுக்கா."

"வண்டி?"

"மரத்தடில கீதுக்கா."

"கெடக்கட்டும். வெறும் மரக்கட்டதானே, இன்னொண்ணு செஞ்சிக்கலாம். காலைல வா."

கணக்குத் தீர்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிளாட்பாரத்தில் படுத்தேன். காலையில் முதல் ரயில் வந்து நின்றது. குதிரை கொள்ளு தின்றதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாம் என்று லாயத்துக்குத் திரும்பினேன். தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா, கையில் ஒரு புது வாரோடு.

"வருஷம் ஆவல. ஆனா உனுக்குத் தரேன். கட்டிக்கோ."

"வோணாங்க்கா. இது இருந்திருந்தா நேத்து அட்ச்சிருப்பேன்."

அக்கா வாரை ஆணியில் மாட்டினாள். "அப்ப வாசல்ல நில்லு. உன் கை படாம ஒரு குதிரயும் ரோட்டுக்குப் போவக் கூடாது. பழைய ஆளு, புது ஆளு, எல்லாத்துக்கும்தான்."

ஏழு வருஷம் அந்த வாசலில் நின்றேன். வழியில் ஒரு குதிரையும் விழவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலை பஸ்கள் புழுதி கிளப்பும் தெருவில் இருக்கிறேன். கம்பு கதவு மூலையில் நிற்கிறது. நுனியில் வார் கோக்கும் துளை இன்னும் தேயாமல் புதிதாகவே இருக்கிறது.

அக்கா வாசலில் நிற்கச் சொன்ன அன்று காலை, முதலில் அங்கே வந்தது இட்லி கேட்டவரின் வண்டி. அவர் வேறெங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் குதிரையின் கழுத்தைக் கிள்ளினேன்.