எலி கடிக்காத ஒயர்

2004ஆம் ஆண்டு மே 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. கத்தரி வெயில் தொடங்கி ஆறாவது நாள். காற்று அறவே இல்லை. கவரைப்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் சிடி பிளேயரைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது பதினொன்று. இரவு ஷிப்ட் முடித்து வந்த நைனா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கிழவன் புத்தி என்று என் மனைவி சொல்லும் இந்தக் கவலைப் புத்தி எனக்கு அப்போதே உண்டு. ஒன்று தொலைந்தாலும் முதுகுத் தோல் உரியும் என்று, எட்டு ஸ்க்ரூக்களையும் ஒரு கிண்ணத்தில் போட்டுத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அந்தப் பிளேயர் அத்தையின் கல்யாண சிடியைப் பார்ப்பதற்காகவே வாங்கியது. அத்தை, நைனாவின் ஒரே தங்கை. திருப்பாச்சூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஏழே மாதத்தில் தனியாகப் பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். வந்த அன்று அம்மா அவள் முதுகில் எண்ணெய் தடவிவிட்டதைப் பார்த்தேன். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னார்கள்.

நைனா அவளை ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் சிடியைப் போட்டுவிடுவார். நாதஸ்வரம் தொடங்கியதும் அத்தை அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எவ்ளோ ஜோரா பண்ணேன் பாரு மச்சான். பி.எஃப். டப்பு மொத்தமும் வழிச்சி எடுத்துப் பண்ணது. ஊட்ல குந்தவச்சி சோறு போடவா பண்ணேன்?" என்று டிவியைப் பார்த்தபடியே பேசுவார். தாலி கட்டும் இடம் வந்தால் கண் கலங்குவார். கலங்கினால், "நாளைக்கே இட்டுக்கினு போயி உட்டுட்டு வந்துடறேன்" என்பார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பிளேயரில் விளக்கு எரியவில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரிலிருந்து ஒரு மெக்கானிக்கை நைனா அழைத்து வந்தார். மெக்கானிக் மூடியைத் திறந்தபோது நைனா டீ வாங்கிவர வெளியே போயிருந்தார். அந்த ஆள் உள்ளே பார்த்தார். பிறகு, தண்ணீர் கொண்டுவந்து நின்ற அத்தையைப் பார்த்தார்.

"ஊட்ல எலி இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணா. உட்டுடுங்க."

அவர் சொம்பை வாங்கி முழுத் தண்ணீரையும் குடித்தார். நைனா வந்ததும், "ஹெட்டு போச்சி சார், இதுக்கு செலவு பண்றது வேஸ்டு" என்றார். கூலி வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். அவர் தலை மறைந்ததும், "இன்னா மெக்கானிக்கு இவன்? வேலை தெரியாதவன்லாம் கடை போட்டுக்கினுகீறான்" என்று நைனா பேஜாரானார்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. வந்தவர்களிடம் நைனா வெயிலைப் பற்றிப் பேசினார். சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம் என்று அத்தைக்காக விசாரித்து வந்தார். அத்தை முணுமுணுவென்று பாடிக்கொண்டே துணி துவைத்தாள். ஒன்பதாம் தேதி பேச வருகிறோம் என்று திருப்பாச்சூரிலிருந்து ஆள் வந்து சொன்னபோதுகூட, "வரட்டும். நீ போவாத, நான் பாத்துக்கறேன்" என்றுதான் நைனா அவளிடம் சொன்னார்.

அந்த ஒன்பதாம் தேதிதான் நான் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு சிவப்பு ஒயர் இரண்டாகக் கிடந்தது. பல் பட்ட அடையாளம் இல்லை. பிளேடால் நறுக்கியதுபோல் நேராக இருந்தது. இரண்டு முனைகளிலும் தனித்தனியாகப் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மெக்கானிக் செய்த வேலை. மடையன், சேர்த்துச் சுற்றத் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டேன். கடைக்கு ஓடி டேப் வாங்கிவந்து, இரண்டையும் முறுக்கிச் சுற்றினேன். அத்தை அப்போது குழாயடியில் நின்றிருந்தாள். விளக்கு எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வருகிறவர்கள் முன்னால் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

நான்கு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். அத்தையின் கணவர் வரவில்லை. அவருடைய அண்ணன்தான் பேசினார். நைனா பிடி கொடுக்கவில்லை. "எந்தங்கச்சி மேல கை வச்சவன் ஊட்டுக்கு எப்டி அனுப்பறது?" என்று குரலை உயர்த்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். நாதஸ்வரம் எழுந்தது.

"டேய், யார்ரா சரி பண்ணது?"

"நான்தான் நைனா!"

"பாத்தீங்களா? கடைக்காரன் கைய விரிச்சிட்டான், எம்புள்ள பண்ணிட்டான்!" என்று வந்தவர்களிடமே பெருமை பேசினார் நைனா. அவர்களும் சிரித்தார்கள். சண்டை போட வந்தவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு கல்யாணம் பார்த்தார்கள்.

"நம்ம சைடுல எவன் இந்தமாரி பண்ணான், சொல்லுங்க" என்றார் அந்த அண்ணன்.

தாலி கட்டும் இடம் வந்தது. நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சி. இட்டுக்கினு போங்க."

அத்தை அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என் கன்னத்தைத் தொட்டு, "கெட்டிக்காரன்டா நீ" என்றாள். அதில் கோபம் துளியும் இல்லை. பிறகு புடவைகளை மடிக்கப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. இன்றும் அவளோடு பேசப் போனால், எந்தப் பக்கம் உட்கார்வது என்று தடுமாறுகிறேன்.

ஒயர் அறுந்திருந்தால் சேர்க்க வேண்டும் என்பதற்கு மேல் அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அறுத்தது யார், பை நிறைய சாமானோடு வந்த மனுஷன் ஏன் சேர்க்காமல் போனான் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அத்தையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு, நைனா என்னைத் தோளோடு அணைத்து, தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி, மெக்கானிக் கைவிட்டதை எம்புள்ள பண்ணிட்டான் என்று சொல்லிக்கொண்டு போனார். எவ்வளவு செலவாச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு கணக்குச் சொன்னேன்: ஆறு ரூபாய்.