மாப்பிள்ளை அம்பயரும் எமகாதக பவுலர்களும்

கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனுக்கு ஓவர் முடிந்தால் ஓய்வு, மட்டை பிடிக்கிறவனுக்கு அவுட்டானால் ஓய்வு. அம்பயருக்கு மட்டும் ஆட்டம் முடிந்து எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் திட்டு வந்துகொண்டே இருக்கும்.

மற்ற நாளெல்லாம் நான் மலையாள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில் ஓர் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சுற்றுவட்டார டென்னிஸ் பந்து டோர்னமெண்டுகளுக்கு அம்பயராகப் போய்விடுவேன். கடலை பிடுங்கிய காடுதான் மைதானம். என்னைப் போலவே நடு வெயிலில் நின்று ஊர் வாயில் விழுந்த அம்பயர்களே, நிலத்தை அளந்து பேச்சு வாங்கிய சர்வேயர்களே, கல்யாணப் பந்தியில் கறி பரிமாறி விரோதம் சம்பாதித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் ஒரே ஒரு லாபம் உண்டு. பவுலரின் கைக்குப் பின்னால் நிற்கிற ஆள் நான்தான். மட்டை பிடிக்கிறவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். எனக்கு அது கிளம்புகிற களவாணித்தனம் முழுக்கத் தெரியும்.

என்னையே ஏன் கூப்பிடுகிறார்கள்?

நான் பிறந்தது நல்லேப்பிள்ளி, பெண் எடுத்தது எருத்தேன்பதி. கல்யாணமான வருஷத்திலிருந்து எருத்தேன்பதி டோர்னமெண்டுக்கு நான்தான் அம்பயர். ரூல் தெரிந்த ஆள் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று ரொம்ப நாள் மிதப்பாக இருந்தேன்.

ஒரு நாள் எருத்தேன்பதி ஓப்பனருக்குத் தவறாக அவுட் கொடுத்துவிட்டேன். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். விரலைத் தூக்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. வேறு ஊராக இருந்தால் என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்கள். இங்கே கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது, உதடு துடித்தது. "மாப்ளே, நல்லாருக்கீங்களா? வெயிலு சாஸ்தியா இருக்குதுங்க. எளநி வெட்டியாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய், தன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பிறகு கமிட்டித் தலைவரிடம் மெதுவாக விசாரித்தேன். அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "ஊட்டு மாப்பிள்ளைய நாங்க வைய முடியுங்களா? நல்லேப்பிள்ளிக்காரன் வந்தா, சொந்த ஊரு ஆளுன்னு அவனும் வைய மாட்டான். சண்டையில்லாம டோர்னமெண்டு முடியோணுமில்லீங்க!"

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இந்த இரண்டு ஊரும் ஃபைனலில் மோதிக்கொண்டால் நான் எந்த ஊரில் குடியிருப்பது?

காற்றுக்குக் காத்திருந்தவர்

மார்கழி, தை மாதங்களில் மலைக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வரும் காற்று, கொடியில் காயும் வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதுவும் விட்டு விட்டுத்தான் அடிக்கும். டிராக்டர் ஓட்டுகிற சுப்பு இந்தக் காற்றை டீமில் பன்னிரண்டாவது ஆளாகவே சேர்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கிழக்கு முனையிலிருந்துதான் போடுவார். தூக்கித்தான் போடுவார். பார்த்தால் குழந்தைக்குப் போடுகிற பந்து மாதிரி இருக்கும். பேட்ஸ்மேன் ஆசையாக நேரே தூக்கி அடிப்பான். பந்து மேலே போய், காற்றில் முட்டி, போன வழியே திரும்பி சுப்புவின் கையில் வந்து உட்காரும்.

காற்று நின்றுவிட்டால் சுப்பு பந்து போட மாட்டார். குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்துவிடுவார். கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் தென்னை மட்டைகளைப் பார்ப்பார். மட்டை ஆடியதும் எழுந்து ஓடிவருவார். ஒரு ஆட்டத்தில் இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகுதான் நான் அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். "ஏனுங்க சுப்பு, செருப்புகூட இல்லாம என்னத்தைக் கட்டறீங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்தபடியே சொன்னார்: "செத்த நேரம் பொறுங்க. காத்து வந்ததீம் அவுத்துடறேன்."

ஆள் வந்தார், பந்து வரவில்லை

வேலுமணி கோழிப்பண்ணைக்காரர். பவுண்டரி கோட்டிலிருந்து ஓடிவருவார். புழுதி பறக்கும், மூச்சு புஸ்ஸென்று கேட்கும், கை காற்றாடியாகச் சுற்றும். என்னைத் தாண்டும்போது நானே ஓரடி ஒதுங்கிக்கொள்வேன். ஆனால் பந்தை முட்டையைப் பிடிப்பது போல உள்ளங்கைக் குழியில் பொத்தி வைத்திருப்பார் என்பது பின்னால் நிற்கிற எனக்கு மட்டும்தான் தெரியும். விரலுக்கு அதில் வேலையே இல்லை. கை மின்னலாகச் சுற்றும், பந்து மட்டும் நிதானமாகக் கிளம்பும்.

ஒரு பெரிய அடிக்காரர் அன்றைக்கு அவரிடம் மாட்டினார். ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மட்டை ஒரு சுற்று சுற்றி, அவரையும் ஒரு சுற்று சுற்றி, தரையில் உட்கார வைத்துவிட்டது. பந்து அதற்குப் பிறகுதான் தரையில் பட்டது. மெல்ல ஒரு குதி குதித்து, ஸ்டம்பை விசாரித்துவிட்டு நின்றது. ஒரு பெய்ல் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆளு வந்துட்டாருங்க, பந்து என்ன பின்னால பஸ்ஸுல வருதுங்களா?"

உண்மை பேசிய உண்ணி

சித்தூர் பக்கத்து மலையாளி உண்ணி, பந்து போடுவதற்கு முன் பேட்ஸ்மேனிடம் மரியாதையாகத் தகவல் சொல்லிவிடுவான். "சேட்டா, அடுத்தது யார்க்கர் ஆணு கேட்டோ." சொன்னபடி யார்க்கர்தான் போடுவான். எந்த பவுலர் நிஜத்தைச் சொல்வான்? பேட்ஸ்மேன் வேறு எதையோ எதிர்பார்த்து நிற்பான். குச்சி பறக்கும். அடுத்து வருகிறவனிடமும் அதையே சொல்வான். "ஒரு தடவை நிஜம் சொன்னவன் இந்தத் தடவை பொய்தான் சொல்வான்" என்று வந்தவன் கணக்குப் போடுவான். அவன் குச்சியும் பறக்கும்.

அப்படிப் போன மூன்றாவது ஆள் வெளியே போகாமல் என் முன்னால் வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். முகத்தில் அப்படி ஒரு வேதனை. "பொய் சொல்லி அவுட்டாக்குனாப் பொறுத்துக்கலாமுங்க. இவன் நெசத்தைச் சொல்லி ஏமாத்தறான். இதுக்கு உங்க ரூல்ல ஒண்ணுமே இல்லீங்களா?"

மலையிலிருந்து இறங்கியவர்

மூணாறு எஸ்டேட் டீம் ஒன்று உடுமலை வழியாக ஜீப்பில் வந்து இறங்கியது. அவர்களுடைய பவுலர் முத்துப்பாண்டி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் ஊர் மைதானம் சரிவாம். பவுலர் மேடேறி ஓடிவந்துதான் பந்து போட வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் இங்கே சமதரையில் ஓடிவந்தார். பிரேக் பிடிக்காத லாரிதான். கோட்டைத் தாண்டி, பேட்ஸ்மேனுக்குக் கை கொடுக்கிற தூரத்தில் போய் நின்றார். நோ பால், மறுபடியும் நோ பால். கையை நீட்டி நீட்டி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

முத்துப்பாண்டி கொஞ்சம் யோசித்தார். பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் வந்து, பஸ்ஸுக்கு நிற்பவர் போலச் சும்மா நின்றார். இவர் எப்போது ஓட ஆரம்பிப்பார் என்று பேட்ஸ்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைச் சுண்டினார். குச்சி எகிறியது. அடுத்தவனுக்கும் அதே கதி. "ஓடாமப் போட்டா அது பவுலிங்கா?" என்று பேட்ஸ்மேன் சண்டைக்கு வந்தான். முத்துப்பாண்டி அமைதியாகச் சொன்னார்: "எங்கூருல ஓடி ஏறுனாத்தான் பந்து போவும். இங்கன தரையே பாதி வேலையப் பாத்துருது தம்பி, பெறவு நான் எதுக்கு ஓடணும்?"

மச்சினன் போட்ட ஓவர்

நான் பயந்தது போன வருஷம் நடந்தேவிட்டது. ஃபைனலில் எருத்தேன்பதியும் நல்லேப்பிள்ளியும். எருத்தேன்பதியின் முக்கியமான பவுலர் என் மச்சினன் கார்த்தி, என் மனைவியின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கிறவர் ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது. அவர் கண்ணில் பட்டால் கம்பெனியில் வேலை. முதல் நாள் சாயங்காலம் என் மனைவி காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, எந்தம்பிக்காக நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சும்மா நின்னாப் போதும்."

கடைசி ஓவர் கார்த்தி போட்டான். கோட்டுக்கு இரண்டடி பின்னாலேயே, கிட்டத்தட்ட என் தோளை உரசிக்கொண்டு நின்று பந்தை விட்டான். தூரம் கூடியதால் பந்து வந்து சேர ஒரு நொடி தாமதமாகும். நல்லேப்பிள்ளி ஆட்கள் எல்லாரும் சீக்கிரமாகவே வீசிவிட்டு விழித்தார்கள். "பின்னால நின்னு போடறான், பாருங்க!" என்று என் சொந்த ஊர்க்காரர்கள் கத்தினார்கள். பின்னால் நிற்பதற்கு ரூலில் தடை கிடையாது. "மாமனார் ஊட்டுச் சோறு பேசுது" என்றான் என்னோடு படித்த ஒருவன். சொந்த ஊரான் வைய மாட்டான் என்ற கமிட்டித் தலைவரின் கணக்கு அத்தோடு முடிந்தது.

ஐந்து பந்தும் இப்படியே போயிற்று. கடைசிப் பந்தில் நல்லேப்பிள்ளிக்கு இரண்டு ரன் வேண்டும். கார்த்தி ஓடிவந்தான். அருமையான யார்க்கர். நடுக் குச்சி பிடுங்கிக்கொண்டு போனது. எருத்தேன்பதியே மைதானத்துக்குள் ஓடிவந்தது, வெடிச்சரம் கொளுத்தினார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே நின்றவன் இந்த ஒரு பந்துக்கு முன்னால் வந்திருந்தான். சுண்ணாம்புக் கோடு கலையாமல் அப்படியே கிடந்தது. அவன் குதிகால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளிப் பதிந்திருந்தது. என்னைத் தவிர அதை ஒருவரும் பார்க்கவில்லை. சும்மா நின்றால் போதும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையை நீட்டினேன்.

நோ பாலுக்கு ஒரு ரன், அடுத்த பந்தில் ஒரு ரன். நல்லேப்பிள்ளி ஜெயித்தது. எருத்தேன்பதிக்காரர்கள் வரிசையாக வந்து என்னிடம் இளநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அத்தனை பேர் கேட்டும் ஒருவரும் வெட்டிக்கொண்டு வரவில்லை. கோயமுத்தூர்க்காரர் கார்த்தியிடம் ஏதோ பேசிவிட்டு என் பக்கம் வந்து, "எங்க மேட்சுக்கு அம்பயரா வர்றீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் பையன்?" என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "அடுத்த வாரம் வந்து போட்டுக் காட்டச் சொல்லியிருக்கறனுங்க. அதனாலதான் உங்களையும் கூப்பிடறேன்."

அன்றைக்கு மாமனார் வீட்டில் எனக்குக் கெடா விருந்து. நெய்யிலிருந்து குடல் வறுவல் வரை ஒரு குறையும் இல்லை. என் மனைவி மட்டும் இலையைப் பார்த்தே பரிமாறினாள். கார்த்தி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்: "அஞ்சு பந்து பின்னால நின்னு போட்டது அவனுகளுக்கில்ல மச்சான், என் காலை நீங்க பாக்காம இருக்கறதுக்கு. கடைசிப் பந்து உங்களுக்குத்தான் போட்டேன். நல்லா ஆடிட்டீங்க."

இப்படியாக, பவுலர் ஏமாற்றினால் அது திறமை, பேட்ஸ்மேன் ஏமாந்தால் அது ஆட்டம். அம்பயர் ஏமாறாமல் இருந்துவிட்டால் மட்டும் அது குடும்பப் பிரச்சினை.