கத்தரீனா டீச்சரும் குருத்துப் போன பனையும்

இலை என்ன நிறம் என்று கேட்டபோது வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "வெள்ளை" என்றார்கள். அதுவரை கத்தரீனா டீச்சர் கரும்பலகையில் சோக்கால்தான் இலை வரைந்து காட்டியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் மலையெல்லாம் பச்சையாக நிற்கிற கண்டியில் இப்படி ஒரு பதில்! நம்ப மாட்டாதவர்கள் நம்ப வேண்டாம். கத்தரீனாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள் அவள். படித்துப் பட்டணத்துக்கு வந்து, மாதா கோயிலை ஒட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கோரிக்கை: பிள்ளைகளைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மரத்தடியில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான பங்குச் சுவாமி ஒவ்வொரு பள்ளித் தவணையிலும் மறுத்தார்.

"பிள்ளைகள மேய விடவா ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கிறோம்?"

"மேயட்டும் சுவாமி. மேஞ்சாலாவது பச்சை எதுன்னு தெரியும்."

சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விடுவார். அவள் அடுத்த தவணையும் போய் நிற்பாள். இடையில் சனிக்கிழமைகளில் ரயிலேறி, தானே பேராதனைக்குப் போய் மரங்களைப் படித்தாள். அவள் அங்கே மழைக்குக் கொடுத்த குடைகளைப் பழுதுபார்த்தே கண்டிக் குடைக்காரன் தன் மகள்களைக் கட்டிக்கொடுத்தான் என்று ஊரில் ஒரு பேச்சுண்டு.

பூந்தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் அவருக்குச் சந்தேகம். "என்ன பிள்ளை, பூக்கண்டு களவெடுக்கவோ வாறனீர்?" என்றார். பிறகு அவரே மரங்களின் பேர் சொல்லத் தொடங்கினார்.

வருஷங்கள் போயின. ஒருநாள் சுவாமி அலுத்துப்போய்ச் சொன்னார்: "சரி, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. ஒரு குறை வந்துச்சோ, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அவசரத்தில் கத்தரீனா நாளைப் பார்க்கவில்லை. அது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. எவள் கையில் நீளமான ஓலை இருக்கிறதோ அவளுக்குத்தான் அந்த ஞாயிறு கோயிலில் பெருமை. கத்தரீனா அத்திமரத்து வேரைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, நாலைந்து சிறுமிகள் நழுவினார்கள். திரும்பியபோது தங்களைவிட உயரமான ஒரு வெளிர்மஞ்சள் குருத்தைப் பல்லக்குப் போலத் தூக்கி வந்தார்கள்.

"டீச்சர், ஞாயித்துக்கெழமைக்கு ஓலை! சுவாமிக்கிட்ட குடுத்தா எம்புட்டுச் சந்தோசப்படுவாரு!"

அது எங்கோ ஒரு தீவிலிருந்து கப்பலில் வந்த இளம்பனை. ராஜலிங்கம் வேலி கட்டிக் கைக்குழந்தையாக வளர்த்தது. அவர் குருத்தை வாங்கி அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"தென்னையில ஓலையைத்தான் வெட்டுறது. இதுகள் அடியோட உருவிப்போட்டுதுகள். பனைக்கு உயிர் உச்சிக் குருத்தில, அந்த ஒரு இடத்திலதான் பிள்ளை."

"பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. இலைக்குப் பேரு சொல்லிக் குடுத்தேன். உயிர் எங்க இருக்குன்னு நான் சொல்லிக் குடுக்கல."

பூந்தோட்டத்துக் கதவு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூடிக்கொண்டது. சுவாமி ஏசவில்லை, "சொன்னேன்ல" என்றதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை ஊரே ஓலையோடு பவனி போக, கத்தரீனா வெறுங்கையோடு நடந்தாள்.

ஆனால் சனிக்கிழமைப் பயணத்தை அவள் விடவில்லை. பனையருகே போய் நிற்பாள். அழுகல் உச்சியிலிருந்து உள்ளே இறங்கியது. மட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அடைமழை முடிந்தபோது கறுத்த கட்டைதான் மிச்சம். ராஜலிங்கம் மண்வெட்டியோடு ஆட்களைக் கூட்டி வந்தார்.

"தோண்டாதீங்க ஐயா. பிள்ளைங்கள கூட்டிட்டு வரணும்."

"திரும்பவுமோ? மிச்ச மரங்கள் நிக்கிறது உமக்குப் பொறுக்கேல்லையோ?"

"அந்தப் பிள்ளைங்களத்தான் ஐயா. இதப் பாக்காம அதுக வளரக் கூடாது."

அவர் மண்வெட்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். பிறகு பூந்தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையிடம் தானே போய்க் கேட்டு அனுமதி வாங்கினார். இனிச் சுவாமிதான் பாக்கி.

"இந்தப் பேச்சு வேணாம்னு சொன்னேனே?"

"தோட்டம் பாக்கப் போகல சுவாமி. சாவு வீட்டுக்குப் போறோம்."

சாவு வீட்டுக்குப் போகிறவர்களை எந்தச் சுவாமி மறிப்பார்? மறிக்காதது மட்டுமல்ல, தொப்பியை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார்.

சிறுமிகள் கட்டையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். பட்டை அவள் விரலோடு உதிர்ந்து வந்தது.

"டீச்சர், தண்ணி ஊத்துனா வராதா?"

"வராது."

அன்று வேறு பாடம் நடக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு பிள்ளைகூட ஒரு புல்லைக் கிள்ளவில்லை என்று ராஜலிங்கம் துரையிடம் போய்ச் சொன்னார். அடுத்த தவணை கதவு திறந்தது.

பிறகு அலவத்துகொடையிலிருந்து முஸ்லிம் பிள்ளைகள் வந்தார்கள், கம்பளையிலிருந்தும் வந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் சொல்லிக்கொடுக்கவென்றே ஒரு வேலை உண்டானது. அதற்குக் கத்தரீனாவைத்தான் கூப்பிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கேட்டு வாங்கிய வேலை. அன்று அவள் இனிப்புக் கொடுக்கவில்லை. புதுச் சேலையும் உடுத்தவில்லை.

எந்தப் பள்ளிக்கூடம் வந்தாலும் முதலில் அந்தக் கட்டையடிக்குத்தான் கூட்டிப் போய், குருத்தை உருவியதால் செத்த பனை இது என்பாள்.

"யாரு டீச்சர் குருத்தப் புடுங்கினது?"

"நான் கூட்டிட்டு வந்த பிள்ளைங்க" என்பாள். பிறகு அவர்களை வரிசையாக்கி அடுத்த மரத்துக்கு நடப்பாள்.