கூடை இறங்கின கழுத்து

மீன் விக்கிறதுல பாதி வேலை தொண்டைக்கு, மீதி வேலை கழுத்துக்கு. கழுத்து வலியோட இதைப் படிக்கிறவங்க குனியாதீங்க, தாளைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சிக்கிட்டுப் படிங்க.

பின்னாலேர்ந்து கூப்பிட்டா

முதுநகர் துறைமுகத்துல ஏலத்துல மீன் எடுத்து, ரயிலேறி, சிதம்பரத்துல தெருத்தெருவா விக்கிறவ நான். தலைமேல சும்மாடு, அதுமேல அன்னக்கூடை. ஒருநாள் பின்னாலேர்ந்து ஒரு அம்மா, "சங்கரா மீன் இருக்கா?"ன்னு கூப்பிட்டாங்க. தலை திரும்பல. காலை மாத்தி மாத்தி வச்சி, உடம்பையே திருப்பினேன். அந்தம்மா சிரிச்சிட்டு சொன்னாங்க: "என்ன அஞ்சலை, முக்குல தேரு திரும்புற மாதிரி திரும்புற? சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் கூப்பிடவா?"

ரெண்டு தலகாணி

டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்தாங்க. கழுத்தெலும்பு தேஞ்சிருக்காம். தேஞ்சது தேஞ்சதுதான், வலியை அடக்கலாம்னாங்க. தலைச்சுமை கூடாது. பொறுக்கிற சூட்டுல ஒத்தடம், சொல்லிக் குடுத்த பயிற்சி. கை மரத்துச்சின்னா, பிடி தளந்துச்சின்னா உடனே வரணும்.

தலைச்சுமையை விடுறது எனக்கு லேசில்ல. அன்னக்கூடையை ஒத்தையா இறக்க முடியாது, ஏத்தவும் முடியாது. வாசலுக்கு வாசல் "ஒரு கை குடும்மா"ன்னு கூப்பிடணும். கை குடுக்க வந்தவங்க நின்னு நாலு வார்த்தை பேசுவாங்க. வீட்டுக்காரர் போய்ச்சேந்தப்புறம் எனக்குப் பேச்சுன்னா அதுதான். கூடையை விட்டா அதுவும் போயிடுமே.

படுக்கை எப்படின்னு கேட்டாங்க. ரெண்டு தலகாணி, ஒண்ணு மேல ஒண்ணுன்னேன். ஒண்ணு போதும்னாங்க. மேல இருக்கிறது அவரோடதுன்னேன். பேனாவை மூடி வச்சிட்டு, "அத பக்கத்துல வச்சிக்குங்கம்மா, தலைக்கு வேணாம்"னாங்க.

கழுத்துப் பட்டை

வலி ஜாஸ்தியா இருக்கிறப்ப மட்டும், கொஞ்ச நாளைக்குப் போட்டுக்குங்கன்னு ஒரு பட்டை குடுத்தாங்க. அதைக் கட்டிக்கிட்டு மீன் ஏலத்துல போய் நின்னேன். என்கூட மீன் எடுக்கிற செல்வி ஏற இறங்கப் பாத்தா. "கழுத்தக் கட்டிட்டாங்க, வாயக் கட்டாம விட்டுட்டாங்களேக்கா!"

சக்கரம் வந்தப்புறம்

கூடைக்குப் பதிலா, சிதம்பரத்துல ரயிலை விட்டு இறங்கினதும் வாடகைக்கு ஒரு தள்ளுவண்டி. வலி குறைஞ்சிது, பொய் சொல்லல. ஆனா இறக்கிவிட யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. கேட்டுக்குள்ளேர்ந்தே கிண்ணத்தை நீட்டுறாங்க, வாங்கிட்டு உள்ள போயிடுறாங்க. ஒரு தெரு முழுக்க வித்துட்டு, விலையைத் தவிர ஒரு பேச்சு பேசாம வெளிய வந்த நாளும் உண்டு.

ஸ்டெல்லாம்மா வீட்டு வாசல்ல ஒருநாள் கூவினேன். கூடையை எத்தனையோ வருசமா இறக்கிவிட்டவங்க. அடுப்படியிலேர்ந்து ஓடியாந்து, பழக்கத்துல ரெண்டு கையையும் என் தலைக்கு மேல தூக்கிட்டாங்க. அங்க ஒண்ணுமில்ல. ரெண்டுபேரும் சிரிச்சிட்டோம். தூக்கின கையை இறக்காம என் பின்கழுத்துல வச்சி, "யாரு ஒத்தடம் குடுக்குறா?"ன்னாங்க. நானேதான், கை பின்னால போற வரைக்கும்னேன்.

உக்கார வச்சி, வெந்நீர்ல துணி முக்கிப் பிழிஞ்சி வச்சாங்க. கெளம்புறப்ப வண்டியைப் பாத்துட்டு சொன்னாங்க: "நாளைக்கு மீன் வந்தா வருது, வராட்டி போவுது. நீ கழுத்தக் கொண்டா."

கழுத்து வலிக்கு வைத்தியம் சொல்ல ஊரே இருக்கு, பின்கழுத்துல ஒத்தடத் துணி போடத்தான் ஒரு ஆளைத் தேடி ரயிலேற வேண்டியிருக்கு.